படலையடிக் கோல்காப்பாளர்

தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் பத்திநாதரின் மீன்கடையில் கூட்டம் சற்று அதிகம். 2023 மார்ச் பதினேழாம் திகதியும் அப்படித்தான் இருந்தது. பாரிசின் லா ஷப்பல் பகுதியில், ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில், கடை வாசலுக்கு வெளியேயும் சனம் நின்றது. முகிலன் தாய்க்கு விளைமீன் வாங்க வந்து வரிசையின் கடைசியில் நின்றான். ஆறடிக்கு மேல் உயரம். ஐஸ் ஹொக்கிக் கழகத்தின் பெயர் போட்ட நீலக் குளிர்ச்சட்டை. அவனைக் கண்டதும் பத்திநாதர் மீன் வெட்டும் கத்தியைக் கீழே வைத்தார். முகிலன் அவருடைய தங்கை பேர்ளியின் ஒரே மகன்.

"என்ன மருமோன், நாளைக்கோ மட்ச்?"

"ஓம் மாமா."

"தோத்தா?"

"தோத்தா கீழ் டிவிசியோனுக்குப் போயிடுவம். அங்கை ஒருத்தருக்கும் கொந்த்ரா இல்லை. சம்பளத்துக்கு விளையாடுறது அதோடை முடிஞ்சுது."

"அதுக்கேன் முகத்தைத் தூக்குறாய்? திங்கக்கிழமை இஞ்சை வா. நீ ஐஸிலை நிண்டு பழகினவன். என்ரை கடையிலையும் ஐஸ்தானே கிடக்குது."

வரிசை முழுவதும் சிரித்தது. பாரை மீனுக்குக் காத்து நின்ற ஒரு பெண்மணி, "தம்பி எந்த இடத்திலை விளையாடுறது?" என்று கேட்டார்.

"கோல் காப்பு, அன்ரி."

"இரண்டாவது கோல் காப்பு," என்று பத்திநாதர் திருத்தினார். பெருமையை மிகைப்படுத்துவது அவருக்குப் பிடிக்காது. "முதலாவது ஆள் ஒரு வெள்ளைக்காரப் பெடியன். அவன் உள்ளுக்கை நிண்டு மறிப்பான். எங்கடை ஆள் வாங்கிலை இருந்து படலை திறப்பார்."

"படலையோ? ஐஸுக்கை என்ன படலை?"

முகிலன் விளக்க வாயெடுத்தான். அதற்குள் மீன் நிறுக்கப்பட்டுவிட்டது. சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டு வெளியே வந்தான். மாமா சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அதுதான் அவனை மெத்ரோ வாசல் வரை உறுத்திக்கொண்டு வந்தது.

ஐஸ் ஹொக்கியில் படலை இருக்கிறது. பனித்தரையைச் சுற்றி இடுப்பளவு பலகைச் சுவர். அதன் ஒரு பக்கத்தில், மாற்று ஆட்டக்காரர்கள் இருக்கும் நீண்ட வாங்கு. கோல்காப்பாளரோடு சேர்த்து ஆறு பேர்தான் ஒரு நேரத்தில் ஆடலாம். ஆனால் அந்த வேகத்தில் யாராலும் ஒரு நிமிடத்துக்கு மேல் தாக்குப்பிடிக்க முடியாது. ஆகவே ஆட்டம் நிற்காமலே ஆள் மாறுகிறார்கள். முன்வரிசைக்காரர்கள் சுவருக்கு மேலால் தாவுவார்கள். பின்காப்பாளர்கள் வாங்கின் ஓரத்தில் இருக்கும் ஒரு சின்னக் கதவான படலையால் உள்ளே வருவார்கள், வெளியே போவார்கள். அந்தப் படலையடியில் இருந்து அதைத் திறந்து மூடுவது இரண்டாவது கோல்காப்பாளரின் வேலை. எங்கேயும் எழுதி வைக்காத வழக்கம் அது. அவருக்கு வேறு வேலையும் இல்லை.

முகிலன் நான்கு பருவங்களாக அந்த வேலையைச் செய்து வந்தான்.

அவன் இந்த விளையாட்டுக்கு வந்ததே ஒரு தற்செயல். 2009 இலையுதிர்காலத்தில், பியர்ஃபித்-சூர்-செய்னில் அவன் படித்த பள்ளிக்கூடம் பிள்ளைகளைப் பனியரங்கம் ஒன்றுக்குக் கூட்டிப் போனது. அவனுக்குப் பதினொரு வயது. அங்கிருந்த கழகத்தில் சேர ஆசைப்பட்டான். மட்டை, தலைக்கவசம், சறுக்குச் சப்பாத்து எல்லாம் அவரவர் வாங்க வேண்டும் என்றார்கள். கோல்காப்பாளருக்கு மட்டும் கழகமே இரவல் கொடுக்கும், ஏனென்றால் அந்த இடத்துக்கு எவரும் வருவதில்லை. அப்படியென்றால் கோல்காப்பாளராகவே சேர்கிறேன் என்று முகிலன் அங்கேயே சொல்லிவிட்டான்.

பேர்ளிக்கு ரூ பெர்தொனேயில் உள்ள ஒரு தையல் கடையில் வேலை. மகனின் கால்கவசங்களை முதல்முறை வீட்டில் கண்டபோது, அவை கிழிந்தால் எந்த ஊசியால் தைப்பது என்றுதான் அவர் யோசித்தார். வியர்வை நாற்றம் தாங்காமல் அவற்றை மாடியின் பல்கனியில் காயப்போட்டார். பக்கத்து வீட்டுத் தில்லைநாயகி அக்கா எட்டிப் பார்த்து, "என்ன பேர்ளி, மழைக்காலத்திலை மெத்தை கழுவினனீரோ?" என்று கேட்டது அந்தக் கட்டடத்தில் பல வருடங்களுக்குப் பகிடியாக இருந்தது.

மெத்தை பெருத்தது, பையனும் வளர்ந்தான். 2019-இல் பாரிசுக்கு வெளியே ஓர் இரண்டாம் பிரிவுக் கழகம் அவனைச் சம்பளத்துக்கு எடுத்தது. தகப்பனுக்கு உணவகச் சமையலறையில் வேலை. சனிக்கிழமைகளில் ஓய்வு கிடையாது. பேர்ளி மட்டும் ஆட்டம் பார்க்கப் போவார். வாங்குக்குப் பின்னால் இரண்டாவது வரிசையில் இருப்பார். விதிகள் அவருக்குப் புரியவில்லை, பந்துக்குப் பதிலாக ஓடும் கறுப்பு ரப்பர் வட்டை அவர் கண் பிடிக்கவும் இல்லை. ஆகவே மகன் இருக்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆட்டம் முழுவதும் படலையைப் பார்க்கிற ஒரே பார்வையாளர் அவர்தான்.

முதல் கோல்காப்பாளர் ரோமன் அல்ப்ஸ் மலைப்பக்கத்துக்காரன். ஐந்து வயதிலிருந்து எந்த அணியிலும் முதல் ஆளாகவே நின்றவன். ஆட்ட நாட்களில் எவரோடும் பேச மாட்டான். அது திமிரல்ல, அவனுடைய ஆயத்தம் என்று முகிலனுக்குத் தெரியும். தெரிந்தும், ரோமன் தன்னைக் கடந்து பனித்தரைக்குப் போகும்போதெல்லாம், படலையைப் பிடித்துக்கொண்டிருக்கும் தன் கையை ஒரு தரம் பார்த்துக்கொள்வான்.

உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் எப்போதாவது வந்து கேட்டால், "எங்களுக்கு அணிதான் முக்கியம், யார் ஆடுகிறார்கள் என்பதல்ல" என்று அவனும் சொல்லுவான். எல்லாரும் அப்படித்தான் சொல்லுவார்கள். ஆடாமல் இருப்பவனைத் தேற்றுவதற்கென்று கண்டுபிடித்த வாக்கியம் அது என்பது அவனுடைய உள்ளெண்ணம்.

அந்தச் சனிக்கிழமை அரங்கம் நிரம்பியிருந்தது. எதிரணியும் அதே நிலையில் இருந்தது. தோற்பவர் கீழே போக வேண்டும். ஆட்டத்தின் மூன்று பகுதிகளில் முதற்பகுதியில் முகிலனின் அணி ஒரு கோல் போட்டு முன்னிலை எடுத்தது. அந்தப் பகுதி முடியச் சற்று முன், ரோமன் ஒரு அடியைத் தடுக்க வலது காலை நீட்டினான். வட்டைத் தடுத்தான். எழும்பவில்லை.

பயிற்றுநர் ழாக் வாங்கின் மறுமுனையிலிருந்து முகிலனைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். முகிலன் தலைக்கவசத்தை மாட்டினான். படலையைத் தானே திறந்து, தானே சாத்திவிட்டுப் போனான். எதிரே ரோமனை இருவர் தாங்கிக் கொண்டுவந்தார்கள். அவர்களில் ஒருவர் கழகத்தின் உபகரணங்களைப் பார்க்கும் மனிதர். படலையைப் பார்த்துக்கொள்ளக்கூடிய அவரும் ரோமனோடு உடை மாற்றும் அறைக்குள் போய்விட்டார்.

படலையடி இடம் வெறுமையாகக் கிடந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை. முகிலனும் கவனிக்கவில்லை.

இரண்டாம் பகுதியில் அணிகள் பக்கம் மாறும். அப்போது வாங்கும் படலையும் கோல் வாயிலிருந்து தூரமாகிவிடும். முகிலன் தொடக்கத்திலேயே வந்த இரண்டு அடிகளைத் தடுத்தான். மூன்றாவதைக் கையுறையால் பிடித்தபோது அரங்கமே அவன் பெயரைச் சொல்லிற்று. பிரெஞ்சு வாய்களில் அந்த 'ழ'வற்ற பெயர் நன்றாகவே ஒலித்தது. இதற்காகத்தானே இத்தனை வருடம் இருந்தேன் என்று நினைத்தான்.

அப்போதுதான் தூரத்தில் படலை திறப்பது தெரிந்தது.

திறந்தவன் ஓர் இளம் முன்வரிசைக்காரன். வட்டைப் பார்த்துக்கொண்டே கையால் தடவித் திறந்தான். படலை திறந்தால் புறப்பட வேண்டும் என்பது உள்ளே போகக் காத்திருந்த பின்காப்பாளனின் பழக்கம், அவன் புறப்பட்டான். ஆனால் களைத்து வாங்குக்குத் திரும்ப வேண்டிய பின்காப்பாளன் லொயிக் இன்னும் நடுக்கோட்டிலேயே இருந்தான். முகிலன் முகக்கவசத்துக்குள்ளிருந்து கத்தினான். அந்தத் தூரத்துக்கு அது கேட்கவே இல்லை. பனித்தரையில் ஓர் ஆள் கூடிப்போனது. நடுவர் கையைத் தூக்கினார். ஓர் ஆள் குறைவாக ஆடவேண்டிய அந்தத் தண்டனை நேரத்துக்குள் எதிரணி கோல் போட்டது. ஒன்றுக்கு ஒன்று.

வட்டை வலையிலிருந்து எடுக்கும்போது முகிலனுக்கு ஒரு விசித்திரமான எண்ணம் வந்தது. நான்கு பருவங்களில் இந்தத் தவறு எங்கள் அணியில் நடந்ததில்லையே என்று நினைத்தான். ஏன் நடக்கவில்லை என்று கேட்டுக்கொண்டான். விடை தெரிந்தபோது அவனுக்குப் பெருமை வரவில்லை. பயம்தான் வந்தது.

இடைவேளையில் ழாக் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"படலையில் யார்?"

எல்லாரும் அந்த இளம் முன்வரிசைக்காரனைத் திரும்பிப் பார்த்தார்கள். "நானும் யோசிக்கவில்லை," என்றார் ழாக். "நான்கு வருடமாக அதைப் பற்றி யோசிக்க வேண்டிய தேவை எனக்கு வரவில்லை."

மூலையில், வலது தொடையில் பெரிய ஐஸ் பையைக் கட்டியபடி கிடந்த ரோமன் கையூன்றி எழும்பினான். "நான் திறக்கிறேன்."

"நீ காலை அசைக்கக் கூடாது," என்றார் மருத்துவர்.

"இங்கே இருப்பதற்கு அங்கே இருக்கிறேன். என்ன வித்தியாசம்?"

மருத்துவர் பதில் சொல்வதற்குள் அவன் நொண்டிக்கொண்டு முகிலனுக்கு முன்னால் வந்துவிட்டான். ஆட்ட நாளில் ரோமன் அவனோடு பேசியது அதுவே முதல்முறை.

"எனக்கு இது தெரியாது. நான் ஒருநாளும் அந்த இடத்தில் இருந்ததில்லை. எப்போது திறப்பாய்?"

யாரும் முகிலனிடம் இதைக் கேட்டதில்லை. கை தானாகச் செய்கிற வேலை. சொற்களைத் தேட வேண்டியிருந்தது.

"வட்டைப் பார்க்காதே," என்றான்.

ரோமன் முகத்தைச் சுளித்தான். இருவரும் சின்ன வயதிலிருந்து செய்த தொழிலே வட்டைப் பார்ப்பதுதான்.

"வட்டைப் பார்த்தால் பிந்திவிடுவாய். வருகிறவனின் தோளைப் பார். அவன் சறுக்குவதை நிறுத்தி, தோள் முன்னுக்கு விழும். அப்போது திற. லொயிக் மட்டையால் சுவரில் தட்டுவான். அதை நம்பாதே, அவன் வாங்குக்கு வர ஆசைப்பட்டு முந்தியே தட்டுகிறவன். தோள்தான்."

"தோள்," என்றான் ரோமன், மனப்பாடம் செய்கிற பிள்ளையைப் போல.

"இன்னொன்று. படலை உள்பக்கமாகத் திறக்கும். முழங்காலை மடக்கி ஒதுக்க வேண்டும்."

சொன்ன பிறகுதான் இருவரும் அந்த வலது காலைப் பார்த்தார்கள். அது மடங்காது.

"பார்த்துக்கொள்கிறேன்," என்றான் ரோமன்.

மூன்றாம் பகுதியில் முகிலனின் கோல் வாய் மறுபடி படலைப் பக்கமாக வந்தது. இப்போது எல்லாம் அவன் கண்ணுக்கு எட்டின. முதல் ஆள்மாற்றத்தில் ரோமன் படலையை உள்ளே இழுத்தான். அதன் விளிம்பு அவன் நீட்டி வைத்திருந்த தொடையில் இடித்தது. அவனுடைய வெளிர்நிறத் தலை ஒரு கணம் குனிந்து நிமிர்ந்தது. அடுத்த ஆள்மாற்றத்திலும் குனிந்து நிமிர்ந்தது. ஆட்டம் மறுமுனையில் இருக்கும் நேரங்களில் முகிலன் அந்தத் தலையையே பார்த்தான். அரங்கம் முழுவதும் வட்டோடு இடமும் வலமுமாகத் திரும்பிக்கொண்டிருந்தது. அத்தனை தலைகளுக்கு நடுவே ரோமனின் தலை மட்டும் திரும்பவில்லை. அது வருகிறவர்களின் தோள்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிரான்சின் அந்தப் பிரிவில் மிகச் சிறந்த கோல்காப்பாளன் என்று பெயரெடுத்தவன், தன் வாழ்க்கையின் மிக முக்கியமான ஆட்டத்தில், வட்டு எங்கே இருக்கிறதென்று அறியாமல் இருந்தான். முகிலன் சொன்னதால் அப்படி இருந்தான்.

முகிலனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. தேவாலயத்தில் எல்லாரும் முழங்காலிடும்போது தனக்கு அப்படி ஆனதுண்டு என்று பின்னர் தாயிடம் சொன்னான்.

ஆட்டம் முடியும் தறுவாயில் அது நடந்தது. களைத்துப்போன லொயிக் வட்டை முன்னே அடித்துவிட்டு வாங்கை நோக்கித் திரும்பினான். அடி சரியாகப் போகவில்லை. நடுக்கோட்டில் எதிரணிக்காரன் ஒருவன் அதைப் பறித்தான். அவனுக்கும் முகிலனுக்கும் நடுவே ஒருவருமில்லை. லொயிக் திரும்பி ஓட நினைத்தாலும் அவனால் எட்ட முடியாது. சுவர் ஓரமாக, வாங்கை ஒட்டினாற்போல எதிரணிக்காரன் பறந்து வந்தான். அரங்கம் எழுந்து நின்றது.

முகிலன் முன்னே நகர்ந்து கோணத்தைச் சுருக்கினான். வருகிறவனின் மட்டைக்குப் பின்னால், கண்ணின் ஓரத்தில், லொயிக்கின் தோள் முன்னுக்கு விழுவது தெரிந்தது.

படலை திறந்தது.

ஒரு கணம் முந்தியிருந்தால் மறுபடியும் ஆள் கூடிய தண்டனை. ஒரு கணம் பிந்தியிருந்தால் புதியவன் துரத்த வேண்டியவனாக ஆகியிருப்பான். லொயிக் உள்ளே விழ, அவனை உரசிக்கொண்டு புதிய பின்காப்பாளன் வெளியே வந்தான். வந்த இடம் எதிரணிக்காரனுக்குப் பின்னால் அல்ல, ஓரடி முன்னால். அவன் எங்கிருந்து முளைத்தான் என்று எதிரணிக்காரனுக்கே விளங்கவில்லை. பின்காப்பாளன் அவனுடைய மட்டையைத் தன் மட்டையால் தூக்கி வட்டை எடுத்தான். நிமிர்ந்து பார்த்து நீளமாக முன்னே அனுப்பினான். எதிரணி முழுவதும் தாக்க வந்திருந்தது. மறுமுனையில் இருவர் ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கிக் கோல் போட்டார்கள்.

எஞ்சிய நேரத்தில் எதிரணி தன் கோல்காப்பாளரையும் வெளியே எடுத்துவிட்டு ஆறு பேரையுமே தாக்க விட்டு முட்டி மோதியது. முகிலன் எதைத் தடுத்தான், எது அவன் மேல் தானாகப் பட்டது என்று அவனுக்கே தெரியாது. மணி அடித்தது. இரண்டுக்கு ஒன்று. கழகம் தப்பியது.

எல்லாரும் வந்து அவன் மேல் விழுந்தார்கள். தலைக்கவசம் கழன்று உருண்டது. ழாக் அழுதுகொண்டிருந்தார். அந்த ஆரவாரத்துக்குள், வாங்குக்குப் பின்னாலிருந்து ஒரு தமிழ்க் குரல் கணீரென்று வந்தது.

"டேய் முகில்! அந்தப் பிள்ளையை அங்கை தனிய விட்டிட்டு என்னத்துக்கடா எல்லாரும் இதிலை துள்ளுறியள்?"

முகிலன் நிமிர்ந்து பார்த்தான். பேர்ளி எழுந்து நின்று இரண்டு கையாலும் படலையைக் காட்டிக்கொண்டிருந்தார். அந்த மூன்றாம் பகுதி முழுவதும் தன் மகனை அவர் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. பழக்கதோஷத்தால் படலையைத்தான் பார்த்திருந்தார்.

அங்கே வாங்கு வெறுமையாக இருந்தது. ரோமன் ஒரு காலில் நின்று படலையைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தான். உள்ளே வர வேண்டியவர்கள் இன்னும் வெளியே இருந்தார்கள். ஆகவே அவன் அதை விடவில்லை. கடைசி ஆள் உள்ளே வரும்வரை படலையைப் பிடித்திருக்க வேண்டும் என்று முகிலன் அவனுக்குச் சொல்லவே இல்லை.

முகிலன் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு அங்கே போனான்.

"எத்தனை?" என்று கேட்டான் ரோமன். "கூச்சலை வைத்து நாங்கள் வென்றோம் என்று தெரிகிறது. யார் போட்டது?"

முகிலன் அவனுடைய கையைத் தன் தோளில் போட்டு, பனித்தரைக்குள் கொண்டுவந்தான். மற்றவர்களுக்கு அப்போதுதான் விளங்கியது. அத்தனை பேரும் சத்தத்தை நிறுத்திவிட்டு மட்டைகளைப் பனியில் தட்டினார்கள்.

ஆட்டத் தாளில் கோல் போட்டவன் பெயரும், அதற்கு உதவிய இருவர் பெயரும் எழுதப்பட்டன. அதற்கு மேல் எழுத அந்தத் தாளில் இடமில்லை.

திங்கட்கிழமை முகிலன் மீன்கடைக்குப் போனான். வேலைக்கல்ல. பத்திநாதர் கடையை விட்டு வெளியே வந்து, மீன் கையோடு கட்டிப்பிடித்தார். லா ஷப்பலில் காலையிலிருந்து பலர் முகிலனைப் பாராட்டியிருந்தார்கள். எப்படி மறித்தாய், பயமாக இல்லையா, சம்பளம் கூட்டுவார்களா என்றெல்லாம் கேட்டிருந்தார்கள். பத்திநாதர் கொஞ்சம் யோசித்துவிட்டு வேறொன்று கேட்டார்.

"அது சரி மருமோன். நீ உள்ளுக்கை நிண்டா, படலையை ஆர் திறந்தது?"

முகிலன் சொன்னான். தொடையில் படலை இடித்ததையும், அவன் வட்டைப் பார்க்காமல் இருந்ததையும், கோல் போட்டது யாரென்று கேட்டதையும் சொன்னான். பத்திநாதர் உள்ளே போய், வாடிக்கையாளர் ஒருவருக்கென்று எடுத்துவைத்திருந்த பெரிய பாரையைத் தூக்கி வந்தார்.

"அவர் மீன் தின்பாரோ?"

"தெரியேல்லை மாமா. மலைப்பக்கத்து ஆள்."

"தின்னுவார். உன்ரை அம்மாட்டைக் குடுத்து உறைப்புக் குறைச்சுக் கறி காய்ச்சச் சொல்லு."

அடுத்த பருவத்தில் ரோமனின் கால் தேறியது. ழாக் இருவரையும் மாறி மாறி ஆடவிட்டார். உள்ளே நிற்காதவர் படலையடியில் இருந்தார். தொடக்கத்தில் ரோமன் இரண்டு தடவை பிந்தித் திறந்து, முகிலனிடம் ஏச்சு வாங்கினான். சனிக்கிழமைகளில் பேர்ளி அதே இரண்டாவது வரிசையில் இருந்து, யார் இருந்தாலும் படலையைத்தான் பார்த்தார். வெள்ளிக்கிழமைகளில் பத்திநாதர் வரிசை முழுவதும் கேட்கும்படி கேட்பார்.

"மருமோன், நாளைக்குக் கோலோ, படலையோ?"

"படலை, மாமா."

"கவனமடா, தோளைப் பார்," என்பார் பத்திநாதர், மீனிலிருந்து கண்ணெடுக்காமல்.